மாறுதல் உத்தரவு வந்தாச்சு: காரை ஓட்டிப் போவதா, ஏற்றி அனுப்புவதா, விற்பதா?

படைவீரர் குடும்பம் ஒன்றுக்கு ஆவடியிலிருந்து ஜலந்தருக்கு போஸ்டிங். ஆறு வருஷம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. காரை என்ன செய்வது? மார்ச் நெருங்கினால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ரூபத்தில் வந்துவிடும். ஊர்ப் பெயர்தான் மாறும். தாம்பரத்திலிருந்து ஜோத்பூர், அரக்கோணத்திலிருந்து கோவா, வெலிங்டனிலிருந்து தேஜ்பூர்.

கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் விசாரிப்பது லாரி வாடகையைத்தான். கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஓட்டிப் போவதற்கும் ஏற்றி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சில ஆயிரங்கள். பர்ஸைக் கடிக்கிற தொகை புது ஊரில் ஒரு வருஷம் கழித்து ஆர்டிஓ ஆபீஸில் காத்திருக்கும். இல்லையென்றால் இடித்துக்கொண்டு வந்த பம்பருக்கு யார் பொறுப்பு என்ற சண்டையில் இருக்கும். அதனால் வாடகையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

## முடிவெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

குடும்பம் எங்கே இருக்கப் போகிறது? பீஸ் ஸ்டேஷன் என்றால் எல்லாரும் கூடவே போவீர்கள். ஃபீல்டு போஸ்டிங் என்றால் குடும்பம் பழைய குவார்ட்டர்ஸிலேயே இருக்கும், அல்லது சொந்த ஊருக்குத் திரும்பும். கார் வீட்டுக்காரருக்குப் பின்னால் போக வேண்டியதில்லை, அதை ஓட்டப் போகிறவருக்குப் பின்னால்தான் போக வேண்டும். லே-யில் இருக்கும் கணவருக்குக் கார் எதற்கு? வேலூரில் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் மனைவிக்குத்தான் அது வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேருக்கு முடிவு தெரிந்துவிடும்.

எவ்வளவு காலம்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47 சொல்வது இதுதான்: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால், அங்கே புது எண் வாங்க வேண்டும். பத்து மாதக் கோர்ஸுக்குப் போகிறவர் கணக்கு வேறு, மூன்று வருஷ டென்யூருக்குப் போகிறவர் கணக்கு வேறு.

காரின் வயசும் எரிபொருளும். போகிற ஊர் டெல்லி வட்டாரம் என்றால் இதுதான் முதல் கேள்வி. 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்குத் தலைநகர் வட்டாரத்தில் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025-இல் விஷயம் மறுபடி நீதிமன்றம் ஏறித் தளர்வு கண்டது. இது போதாதென்று, குளிர்காலத்தில் காற்று கெடும் நாட்களில் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களை (பிஎஸ் என்பது புகை அளவுத் தரம்) வெளியே எடுக்கக் கட்டுப்பாடு வரும். எட்டு வருஷ டீசலைப் பணம் கொடுத்து டெல்லி கன்டோன்மென்ட்டுக்கு ஏற்றி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

அரசுச் செலவில் வண்டி எடுத்துப் போகும் உரிமை எவ்வளவு? 7வது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-இல் வந்த பயணப்படி விதியில், மாறுதலின்போது சம்பள லெவல் 6-க்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒரு கார் அல்லது ஒரு இருசக்கர வண்டி. லெவல் 5-க்கும் கீழும் இருசக்கர வண்டி மட்டும். ராணுவத்தில் நாயப் சுபேதாரும், விமானப்படையில் ஜூனியர் வாரண்ட் ஆபீசரும், கடற்படையில் சீஃப் பெட்டி ஆபீசரும் லெவல் 6. எம்ஏசிபி-யில் (குறித்த வருஷச் சேவைக்குத் தரும் சம்பள உயர்வுத் திட்டம்) லெவல் ஏறிய ஹவில்தார்கள் யூனிட் கிளார்க்கிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதமாக வரும் மாறுதல் மானியம் இதிலிருந்து தனி. பெரும்பாலோர் அதை நம்பித்தான் வீட்டுச் சாமானையே கட்டுகிறார்கள்.

இரண்டாவது டிரைவர் உண்டா? எந்த மாதம்? இதை ஓட்டிப் போகும் பகுதியில் சொல்கிறேன்.

## கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆவடி–ஜலந்தர் சுமார் 2,550 கிலோமீட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய், காரின் காப்பீட்டு மதிப்பு 5 லட்சம், குடும்பத்தில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். வாடகையும் தங்கும் செலவும் நான் வைத்திருக்கும் உத்தேசத் தொகைகள். உங்களுக்குக் கிடைக்கும் கொட்டேஷனைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

| செலவு | ஓட்டிப் போனால் | கேரியரில் ஏற்றினால் |
|---|---|---|
| பெட்ரோல் / லாரி வாடகை | 15,000 | 24,000 |
| வாடகை மேல் ஜிஎஸ்டி 18% | – | 4,320 |
| சுங்கம் | 4,000 | – |
| தங்கல், நான்கு இரவு | 8,000 | – |
| சாப்பாடு | 7,500 | 2,500 |
| கிளம்பும் முன்னும் பின்னும் சர்வீஸ் | 5,000 | – |
| வழிக் காப்பீடு, மதிப்பில் 1.5% | – | 7,500 |
| யார்டிலிருந்து எடுப்பது, கார் வரும்வரை ஆட்டோ | – | 5,000 |
| மொத்தம் | 39,500 | 43,320 |

வித்தியாசம் நாலாயிரம் கூட இல்லை. வலது பக்கம் ரயில் டிக்கெட் இல்லை, ஏனென்றால் அரசு தரும் ரயில்வே வாரண்டில் போகலாம். "ஓட்டிப் போனால் பாதி மிச்சம்" என்று ராணுவக் கேன்டீன் வாசலில் சொல்பவர்கள் பெட்ரோலை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள்.

## ஓட்டிப் போவது

நெல்லூர், ஓங்கோல் வழியாக ஹைதராபாத். அங்கிருந்து 44ஆம் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, அம்பாலா, ஜலந்தர். நம் குடும்பங்களுக்கு இந்த வழியில் ஒரு வசதி உண்டு. செகந்தராபாத், நாக்பூருக்குப் பக்கத்தில் காம்ப்டி, ஜான்சி, அம்பாலா எல்லாமே கன்டோன்மென்ட். நான்கு இரவையும் நான்கு கன்டோன்மென்ட்டில் கழிக்கலாம். டிரான்சிட் அறைக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டு, மூவ்மென்ட் ஆர்டர் (இடம் மாறிப் போக யூனிட் தரும் உத்தரவு) நகலையும் அனுப்பிவிடுங்கள். அறை கிடைத்தால் அட்டவணையில் உள்ள எட்டாயிரம் பாதியாகக் குறையும். அதைவிட, ராத்திரி காரை எங்கே நிறுத்துவது என்ற கவலை இருக்காது. கடைசி நாளுக்கு முந்தைய ஜான்சி–அம்பாலா ஓட்டம்தான் நீளம், 600 கிலோமீட்டருக்கு மேல். ஒரே டிரைவர் என்றால் ஆக்ராவில் இன்னொரு இரவு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கத்துக்கு 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ் இருக்கிறது. சொந்தக் கார்களுக்கு மட்டும், ஒரு வருஷம் அல்லது 200 பயணம். தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச் சாலைகளிலும் செல்லும். மாநில அரசுச் சாலைகளில் செல்லாது. அதனால் ஃபாஸ்டேக்கில் தனியாக ஆயிரம் ரூபாய் இருப்பு வையுங்கள். அந்த பாஸ் மீதி வருஷத்துக்கும் உதவும் என்பதால் முழுத் தொகையையும் இந்தப் பயணத்தின் தலையில் கட்டுவது கூட நியாயமில்லைதான்.

"நமக்கு டோல் கிடையாதே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1901-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டம் ஒன்று பணியில் இருக்கும் படைவீரர்களுக்கு விலக்கு தருகிறது. அந்த "பணியில்" என்ற சொல்லை வைத்துத்தான் ஒவ்வொரு சாவடியிலும் வாக்குவாதம். மூவ்மென்ட் ஆர்டரும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், விட்டால் போங்கள். பின் சீட்டில் பிள்ளைகள் அழும்போது நாற்பது சாவடியிலும் சட்டம் பேசத் தெம்பு இருக்காது. பட்ஜெட்டில் விலக்கைக் கணக்கு வைக்காதீர்கள்.

மாதத்துக்கு வருவோம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை ஆக்ராவுக்கு வடக்கே மூடுபனி. முன்னால் நிற்கும் லாரி பத்தடியில்தான் தெரியும். காலை பத்து மணிக்கு முன் வண்டியை எடுக்க முடியாது, மாலை ஆறுக்கு மேல் ஓட்டக் கூடாது. ஐந்து நாள் பயணம் ஏழு நாளாகிவிடும். அந்த நாட்களில் நான் ஓட்டிப் போகச் சொல்லவே மாட்டேன். மே மாதத்தில் எதிரி வேறு. நாக்பூர் வெயிலில் ஏசி நின்றால் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பழகிய கார் என்றால் கிளம்பும் முன் கூலன்ட் மாற்றியாக வேண்டும். அது வெயிலுக்கும் வேண்டும், அங்கே போனபின் வரும் குளிருக்கும் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு ஜாயினிங் டைம், அதாவது புது இடத்தில் சேரக் கொடுக்கும் நாட்கள். ஐந்தாறு நாள் ரோட்டில் போய்விட்டால், அங்கே குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக்கும் கேந்திரிய வித்யாலயா அட்மிஷனுக்கும் அலையும் நாட்கள் குறையும். வீட்டுச் சாமான் லாரி உங்களுக்கு முன்னால் போய் நின்றால் காத்திருப்புக் கட்டணம் கேட்பார்கள்.

இன்னொன்று, கேன்டீன் சரக்கு. டிக்கியில் நாலு பாட்டில் ரம் போட்டுக்கொண்டு மாநிலம் மாநிலமாகத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் கலால் சட்டம் தனி. குஜராத், பீகார் வழியாகப் போகிறவர்கள் ஒரு பாட்டில்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. கேரியரில் ஏற்றும் காருக்கும் இதேதான்.

எப்போது இது நல்லது: 1,000 கிலோமீட்டருக்குள், அல்லது இரண்டு பேர் ஓட்டத் தெரிந்தால், பிப்ரவரி–மார்ச் அல்லது அக்டோபர்–நவம்பர் என்றால். ஆவடியிலிருந்து பெங்களூருக்கோ செகந்தராபாத்துக்கோ போகிறவர் கேரியரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

## கேரியரில் ஏற்றி அனுப்புவது

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பேரம் பேசுவது சுலபம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து புதுக் கார்களோடு வடக்கே போகும் டிரைலர்கள், மானேசர் பக்கத்திலிருந்து புதுக் கார்களோடு தெற்கே வரும். நம் பழைய கார், காலியாக இருக்கும் ஓர் இடத்தில் ஏறுகிறது. சென்னை–டெல்லி வழியில் அதனால் வண்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜோத்பூர், தேஜ்பூர், பதான்கோட் என்றால் டிரைலர் நேராக அங்கே போகாது. டெல்லியிலோ குவாஹாத்தியிலோ ஒரு யார்டில் இறக்கி, கூட்டம் சேர்ந்ததும் சின்ன வண்டியில் ஏற்றுவார்கள். சில இடங்களில் ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டியே அனுப்பிவிடுவார்கள். "டோர் டெலிவரி" என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசி முந்நூறு கிலோமீட்டரை என் கார் எதன்மேல் வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏற்றும்போது கிலோமீட்டர் மீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"பத்து நாளில் வந்துவிடும்" என்றால் மூன்று வாரம் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுவது நிம்மதி. வெலிங்டனில் ஸ்டாஃப் காலேஜ் கோர்ஸ் முடியும் சமயத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் இறங்கும். வாடகையும் ஏறும், இடமும் கிடைக்காது. நீள டிரைலர் குன்னூர் மலைப்பாதையில் ஏறாது என்பதால், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும். சேரும் இடத்திலும் அப்படித்தான். கன்டோன்மென்ட் கேட்டுக்குள் டிரைலரை விடமாட்டார்கள். வெளியே எங்கே இறக்குவது என்று முன்பே பேசிவையுங்கள்.

இனி காப்பீடு. இந்தத் தேர்வின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களிடம் முழுக் காப்பீடு இருந்தால் அதன் வாசகத்தை எடுத்துப் பாருங்கள். தீ, திருட்டு, வெள்ளம் என்ற பட்டியலில் "சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாக எடுத்துச் செல்லும்போது" ஏற்படும் சேதமும் இருக்கும். லாரியில் போகும்போது கார் அடிபட்டால் உங்கள் பாலிசியிலேயே கோரலாம் என்று பொருள். பலருக்கு இது தெரியாது. காரை ஏற்றி அனுப்பும் பேக்கர்ஸ்காரர் சொல்லவும் மாட்டார், ஏனென்றால் 1.5 முதல் 3 சதவீதம் வரை வாங்கும் "டிரான்சிட் இன்சூரன்ஸ்" அவருக்கு ஒரு வருமானம்.

அப்படியானால் அது தேவையில்லையா? உங்கள் பாலிசியில் கோரினால் நோ கிளெய்ம் போனஸ் (கோராமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகும். ஐந்து வருஷம் கோராமல் 50 சதவீதத்தில் இருப்பவருக்கு அது சின்ன இழப்பு இல்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் வரும். ஏற்றி இறக்கும்போது முதலில் அடிபடுவதும் பம்பர்தான். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றுமே வராது. என் கணக்கு இப்படி: ஜீரோ டெப் இருந்து, போனஸ் குறைவாக இருந்தால் தனிக் காப்பீடு வேண்டாம். போனஸ் உச்சத்தில் இருந்தாலோ, தேர்ட் பார்ட்டி மட்டும் என்றாலோ எடுங்கள். எடுத்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சான்றிதழில் உங்கள் பெயரும் கார் எண்ணும் இருக்க வேண்டும். பேக்கர்ஸ் லெட்டர்ஹெட்டில் "ரிஸ்க் கவர்" என்று எழுதிக் கொடுக்கும் தாள் காப்பீடு ஆகாது.

லாரிக்காரரின் பொறுப்பு எவ்வளவு? சாலை வழிச் சரக்குச் சட்டம் 2007-இன் கீழ் வந்த 2011 விதிகளில், கூடுதல் மதிப்பு அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாவிட்டால், பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 24,000 வாடகைக்கு 2.4 லட்சம். 5 லட்சம் கார் முழுசாகப் போனால் மீதி உங்கள் கணக்கு. அதனால் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் காரின் மதிப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வடக்கே இதை பில்டி என்பார்கள். வழக்குப் போட வேண்டி வந்தால், காரை லாரிக்கு புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து இல்லை.

ஏற்றும் நாளில் கூட நின்று பாருங்கள். பெல்ட்டைச் சக்கரத்தின் மேல் போட்டு இறுக்குகிறார்களா, அடியில் எங்காவது கொக்கி மாட்டிச் சங்கிலியால் இழுக்கிறார்களா? இரண்டாவது என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். காருக்குள் பாத்திரம், துணி மூட்டை அடைத்து அனுப்பும் ஆசை எல்லாருக்கும் வரும். காருக்கான காப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது, யார்டில் சாவி யார் கையில் இருக்கும் என்றும் தெரியாது. திறந்த டிரைலர் என்றால் கண்ணாடியில் உள்ள ஃபாஸ்டேக்கை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். இல்லையென்றால் லாரி தாண்டும் சாவடியில் உங்கள் கணக்கிலும் பணம் கழிய வாய்ப்புண்டு.

கார் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வந்து சேரும். டிரைவர் அவசரப்படுத்துவார். டார்ச் அடித்துக் கூரை, பம்பரின் கீழ்விளிம்பு, சக்கர ரிம் மூன்றையும் பார்த்துவிட்டு, கீறல் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரிக்குக் கீழே வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் காலை போன் செய்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஏமாற்று வேலையும் உண்டு. பிரபலமான பேக்கர்ஸ் பெயரில் ஓரெழுத்து மாற்றி இணையத்தில் கடை விரித்திருப்பவர்கள் ஏராளம். குறைந்த கொட்டேஷன், வழியில் கூடுதல் பணம் கேட்டு காரைப் பிடித்து வைப்பது, இதுதான் அவர்கள் பாணி. ஜிஎஸ்டி எண்ணை அரசு தளத்தில் போட்டு, பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பில்லில் கார் தனி, வீட்டுச் சாமான் தனி என்று வாங்குங்கள். இரண்டையும் ஒரே பில்லில் போட்டால் பயணப்படி கிளெய்ம் ஆட்சேபத்தோடு திரும்பி வரும்.

எப்போது இது நல்லது: 1,500 கிலோமீட்டருக்கு மேல், ஒரே டிரைவர், கைக்குழந்தை, பனிக்காலம். இதில் இரண்டு பொருந்தினாலே போதும்.

## ரயில்

இருசக்கர வண்டிக்கு ரயில்தான் ராஜா. டிக்கெட்டோடு அதே வண்டியில் லக்கேஜாகப் போடலாம், அல்லது பார்சலாகத் தனியே அனுப்பலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல், டேங்க்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் வடித்தது, சாக்கும் வைக்கோலும் சுற்றிய பேக்கிங். கண்ணாடிகளைக் கழற்றி வீட்டுச் சாமானோடு போட்டுவிடுங்கள். அவை முழுசாக வந்து சேர்வது அபூர்வம்.

கார் வேறு கதை. ரயிலில் போகும் கார்கள் தொழிற்சாலையிலிருந்து முழு ரேக்காகப் போகும் புதுக் கார்கள். ஒற்றைக் காரைப் பதிவு செய்து அனுப்பும் நடைமுறை வசதி நம் வழித்தடங்களில் இல்லை. மும்பையிலிருந்து கோவாவுக்கு மாறும் கடற்படைக் குடும்பங்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கலாம். 2025 ஆகஸ்டில், கணபதி பண்டிகையை ஒட்டி, கொங்கண் ரயில்வே கோலாடிலிருந்து வெர்ணாவுக்குக் கார் ஏற்றும் ரோ-ரோ வண்டி விட்டது. உங்கள் தேதிக்கு ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.

அந்தமான் போகிறவர்களுக்கு வழி கப்பல் ஒன்றுதான். உப்புக்காற்றில் அடிப்பகுதி துருப்பிடிக்கும். புதுக் கார் என்றால் நான் யோசிப்பேன்.

## விற்றுவிடுவது

எட்டு வருஷத்துக்கு மேலான கார், அதிலும் டீசல், மூன்று வருஷ டென்யூர் என்றால் இதுவே நல்ல வழி. மேலே போட்ட நாற்பதாயிரத்தோடு மறுபதிவு வரியையும் சேர்த்தால், பழைய காரின் விலையில் கணிசமான பங்கு போய்விடும்.

தொல்லை என்னவென்றால் நேரம். உத்தரவு வந்து கிளம்புவதற்குள் விற்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. "ராணுவத்தில் இருக்கிறேன், மாறுதல் வந்துவிட்டது, காரைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறேன்" என்று விளம்பரம் போட்டு முன்பணம் கறக்கும் கும்பல்கள் இணையத்தில் இருக்கின்றன. அதனால் நிஜமாகவே மாறுதலில் போகிறவர் இப்படி எழுதினால் ஜனம் ஓடுகிறது. விளம்பரத்தில் மாறுதலைச் சொல்லாமல், காரை நேரில் பார்க்கக் கூப்பிடுங்கள். யூனிட்டுக்குப் புதிதாக வருகிறவரிடம் விற்பது எல்லாவற்றிலும் சுலபம்.

கேன்டீன் வழியாக வாங்கிய கார் என்றால், வாங்கியபோது கையெழுத்திட்ட உறுதிமொழியை முதலில் படியுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஆர்.சி. பெயர் மாறும்வரை காருக்கு நீங்கள்தான் பொறுப்பு. டீலரிடம் விட்டால், அவர் ஆர்டிஓ அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்டு, படிவம் 29சி வழியாக ஒப்படைப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்தச் சலுகையைப் பயன்படுத்தலாம்.

## ஊரில் விட்டுப் போவது

வீட்டில் ஓட்ட ஆள் இருந்தால் மட்டும். ஃபீல்டு போஸ்டிங்கில் தம்பியோ மனைவியோ ஓட்டினால் இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் நிறுத்தினால் பேட்டரி சாகும், டயர் தட்டையாகும், எலி ஒயரைக் கடிக்கும். காப்பீட்டுத் தொகையும் வருஷா வருஷம் கட்ட வேண்டும்.

## ஒரு வருஷம் கழித்து வரும் செலவு: மறுபதிவு

கார் புது ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் 12 மாதம் தாண்டினால் புது எண். அதற்குப் பழைய ஆர்டிஓ-விடம் படிவம் 28-இல் என்ஓசி (ஆட்சேபமின்மைச் சான்று), புது ஆர்டிஓ-விடம் படிவம் 27, புது மாநிலத்தின் வரி. வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். கேட்பது உங்கள் கையில், கிடைக்கும் வேகம் உங்கள் கையில் இல்லை. வரி சின்னத் தொகையும் அல்ல. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கு ஆயுள் வரி 5 லட்சம்வரை 12 சதவீதம், 10 லட்சம்வரை 13, 20 லட்சம்வரை 18, அதற்கு மேல் 20. பழைய காருக்கு வயசைப் பொறுத்துக் குறையும் என்றாலும், மூன்று வருஷத்துக்கு ஒரு மாநிலம் மாறுகிற குடும்பத்துக்கு இது லாரி வாடகையை விழுங்கிவிடும்.

இதற்காகவே வந்தது பிஎச் (பாரத்) வரிசை எண். 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. படைவீரர்கள் அடையாள அட்டையைக் காட்டியே விண்ணப்பிக்கலாம். 15 வருஷ வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம். வரி விகிதம் 10 லட்சத்துக்குள் 8 சதவீதம், 20 லட்சம்வரை 10, அதற்கு மேல் 12. டீசலுக்கு 2 கூட, மின்சாரக் காருக்கு 2 குறைவு. மாநிலம் மாறினால் மறுபதிவு கிடையாது. 2022 டிசம்பர் திருத்தத்துக்குப் பின், சாதாரண எண் உள்ள பழைய காரையும் இதற்கு மாற்றலாம். குறை என்றால், இரண்டு வருஷக் கெடுவை நீங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறிக்கொண்டே போகும். இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் சர்வீஸ் இருப்பவர் அடுத்த காரை இந்த எண்ணில்தான் வாங்க வேண்டும் என்பேன். இரண்டு வருஷத்தில் ரிடையர் ஆகி ஊரில் செட்டில் ஆகப் போகிறவருக்கு அவசியமில்லை. உங்கள் ஆர்டிஓ-வில் பிஎச் பதிவு நடைமுறையில் இருக்கிறதா என்று ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

என்ஓசி எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உத்தரவு கையில் வந்த அன்றே ஓடிப்போய் எடுக்காதீர்கள். போஸ்டிங் ஆர்டர் திருத்தப்படும், ரத்தாகும், ஜலந்தர் ஜபல்பூர் ஆகும். என்ஓசி-யில் எந்த ஆர்டிஓ-வுக்கு என்று பெயர் இருக்கும். அதை ரத்து செய்து வேறு ஊருக்கு மாற்றுவது, எடுப்பதைவிட இரட்டிப்பு அலைச்சல். புது யூனிட்டில் ரிப்போர்ட் செய்து, குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்தபின் அரசின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பியுங்கள். 12 மாத அவகாசம் இருக்கிறது. ஆனால் வங்கியின் சம்மதக் கடிதத்தை மட்டும் பழைய ஊரை விடும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். கடன் கொடுத்த கிளை அங்கே இருக்கும், நீங்கள் 2,500 கிலோமீட்டர் தள்ளி இருப்பீர்கள்.